முதல் பக்கத்துப் படம்

இடது தோளுக்குக் கீழே ஊசி போட்ட இடம் இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கோகிலவாணி ஃபைலை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். நகராட்சி அலுவலகத்து மாடி வராந்தாவில், நகர்நல அலுவலர் அறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். அய்யா போனில் இருக்கிறார், முடிந்ததும் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு பியூன் போய்விட்டார். கூப்பிட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கூப்பிடாமலே மத்தியானம் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது. பயப்படுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு கேஸை மூடினோமா என்று பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்புகிற ஆள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு உண்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கேஸ் மூடியிருக்கும். இன்றைக்கு எங்கே போய் எதைப் பார்ப்பது? ஃபைலுக்குள் மானிய விண்ணப்பம் இருந்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து வைத்துப் பராமரிக்கிற அமைப்புகளுக்கு நகராட்சி கொடுக்கும் மானியம். பணத்தைவிட அதோடு வருகிற இடம்தான் அவளுக்கு முக்கியம். உரக்கிடங்குக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவரோடு, குழாயோடு ஒரு இடம். இப்போது அவளுடைய காப்பகம் நடப்பது மூடிப்போன ஸ்பின்னிங் மில்லின் பின்பக்கக் கொட்டகையில். மில்லை விற்றாயிற்று, பொங்கலுக்குள் காலி செய்தாக வேண்டும். மானியம் வரவில்லையென்றால் மூன்று காலில் நொண்டுகிற தாத்தா நாயும், கண் தெரியாத கருப்பியும், மற்ற எல்லாமும் திரும்ப பைபாஸ் ரோட்டுக்குத்தான். லாரிக்காரர்கள் யாரும் நின்று பார்த்துப் போகப் போவதில்லை. இதைத்தான் அவள் உள்ளே போய்ச் சொல்ல வேண்டும், இதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நேற்றுவரை நினைத்திருந்தாள். ஃபைலைத் திறந்தாள், மூடினாள். முதல் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. வெள்ளை ஷூ போட்ட ஒரு சின்னப் பெண், கை நிறைய நாய்க்குட்டி, இரண்டு முகத்திலும் சிரிப்பு. நாய்க்குட்டி சிரிக்காது என்பது தெரியாதவளா அவள், ஆனால் பன்னு சிரிக்கும். பன்னு நிறத்தில் பன்னு மாதிரி உப்பிய வயிறோடு, பாலத்தடியில் தாய் செத்துக்கிடந்த இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த குட்டி. படத்தை அங்கே ஒட்டியவள் அவள்தான். ஒட்டும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு சந்தோஷம்கூட வந்தது.

சனிக்கிழமை நகர்நல அலுவலர் தனஞ்செயன் காப்பகத்தைப் பார்வையிட வந்தார். ஜீப்பிலிருந்து அவர் முதலில் இறங்கினார், பின்னால் அந்தக் குழந்தை குதித்தது. பார்த்து இறங்கு கண்ணு என்று அவர்தான் சொன்னார். லீவு நாள், மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று கோகிலவாணிக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, விளங்கியதும் கை தானாகப் பன்னுவைத் தேடியது. வருகிறவர்களிடம் நாய்க்குட்டியைக் கொடுப்பது இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் செய்வதுதான். பேச்சில் மசியாத ஆள்கூட மடியில் ஒரு குட்டி ஏறினால் மசிந்துவிடுவார். நன்கொடைக்கு வருகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ரோட்டரிக்காரர்கள், எல்லாருக்கும் முதலில் ஒரு குட்டி, பிறகுதான் டீ. வந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தவளும் அவள்தான். ஆனால் மற்ற குட்டிகளுக்குச் சொறி. பன்னுதான் அழகு. ஆபீசர் மகள் கையில் சொறிக்குட்டியையா கொடுப்பது? குழந்தை வாங்கிக்கொண்டாள், முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள், கோகிலவாணி போனை எடுத்துப் படம் பிடித்தாள். அடுத்த நொடி ஆ என்று ஒரு சத்தம். பால் பல்தான். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு, பொட்டிலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்தது. தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்தது, அதன் விளிம்பில் சோப்பும் இருந்தது. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மைக் பிடித்துச் சொல்கிறவள் அவள். கழுவப்போனால் அவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் அது கடி. பார்க்காவிட்டால் வெறும் பொட்டு. சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டுக் குழந்தையின் காதோரம் குனிந்தாள். வீட்டில் சொல்லாதே கண்ணு, சொன்னால் பன்னுவைத் திட்டுவாங்க. குழந்தை பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். எத்தனை சுலபமாக வாயில் வந்தது அந்த வார்த்தை. யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம்போல இருந்தது.

திங்கட்கிழமை பன்னு பாலைத் தொடவில்லை. வெயில் என்றாள். செவ்வாய்க்கிழமை வாயோரம் எச்சில் வடிந்தது. எலும்பு சிக்கியிருக்கும் என்றாள். ஒன்றரை மாதக் குட்டிக்கு யார் எலும்பு போட்டது? டிஸ்டெம்பர் என்கிற நாய்க்காய்ச்சலாக இருக்கலாம், அதிலும் எச்சில் வடியும், அதிலும் இப்படித்தான் சோர்ந்து கிடக்கும், ஊருக்குள் இப்போது அது நிறைய. கால்நடை டாக்டர் வெளியூர் போயிருந்தார். பன்னுவைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினாள். தனியாகக் கட்டிவையுங்கள், யாரும் கிட்டப் போகாதீர்கள், நீங்கள் ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவளும் சமையலுக்கு இருக்கும் ராமாத்தாளும் சாயங்காலமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். நின்றது வெறும் முன்ஜாக்கிரதைக்கு. முன்ஜாக்கிரதைக்குத்தான் என்று ராமாத்தாளிடம் அவள் இரண்டு தடவை சொன்னாள். வேறு யாரையாவது கடித்ததா என்று நர்ஸ் கேட்டாள், சீட்டில் எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல். இல்லை என்றாள் கோகிலவாணி. கடிக்கவில்லையே, அது பொட்டுதானே. ஊசி ஏறும்போது வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வலி ஆரம்பித்தது, புரண்டு படுத்தாலும் விடவில்லை, இடது பக்கம் முழுக்க யாரோ கூடவே படுத்திருக்கிற மாதிரி இருந்தது. வெறியாக இருக்காது. இருந்தால் அவள் ஏன் நேற்றே போய்ச் சொல்லியிருக்க மாட்டாள்? சொல்லவில்லை, அதனால் இருக்காது. இந்தக் கணக்கு எங்கேயோ உதைத்தது, எங்கே என்று பார்க்கப் பயந்து அவள் வராந்தாவின் கடைசியில் தொங்கிய டெங்கு போஸ்டரை வரிவரியாகப் படித்தாள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல். ஒரு கொத்தனாரின் முகம் நினைவுக்கு வந்தது. வரக்கூடாது என்று நினைத்ததனாலேயே வந்தது. பல வருஷத்துக்கு முன் பெரியாஸ்பத்திரியில், தனி அறையில், ஜன்னல் வழியாகப் பார்த்த முகம். நாய் கடித்ததைச் சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டவர். தண்ணீர் கொடுங்கள் என்று கெஞ்சினார், மனைவி டம்ளரைக் கொண்டுபோனதும் அவர் தொண்டை இழுத்த இழுப்பு. அந்த மனைவி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் கோகிலவாணி இந்த வேலைக்கே வந்தாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் காப்பகத்துக்கு ஆள் சேர்த்தாள். கொத்தனார் முகம் இருந்த இடத்தில் வெள்ளை ஷூ வந்து நின்றது. அய்யோ, வேண்டாம்.

காலையில் உள்ளே நுழையும்போதே சகுனம் சரியில்லை. போர்டிகோவில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் நாச்சிமுத்து, அவளைப் பார்த்ததும் துணியை உதறிவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க மேடம், அந்தக் குட்டி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "ஓ, நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு, சேலை தடுக்க மாடிப்படி ஏறினாள். அந்த ஆள் எதற்குக் கேட்கிறார்? சனிக்கிழமை ஜீப்பை விட்டுக்கூட நகராமல் தள்ளி நின்றவர், நாய்க்குட்டியைப் பற்றி அவருக்கென்ன? ஆபீசர் வீட்டில் கேட்கச் சொல்லியிருப்பார்கள். குழந்தை அம்மாவிடம் சொல்லியிருக்கும், கை வீங்கியிருக்கும், அம்மா புருஷனைப் பிடித்து உலுக்கியிருப்பாள், நேராகக் கேட்டால் மழுப்புவாள், டிரைவரை விட்டு விசாரிப்போம் என்று அவர் சொல்லியிருப்பார். அப்படியென்றால் நல்லது, ஊசி போட்டிருப்பார்கள். அப்படியென்றால் கெட்டது, உள்ளே கூப்பிட்டுக் கிழிக்கப்போகிறார். ஊசி போட்டிருந்தால் போதும், எப்படி வேண்டுமானாலும் கிழிக்கட்டும். போட்டிருப்பார்களா? சார், அன்றைக்குப் பாப்பா கையில் லேசாக ஒரு… என்று மனதுக்குள் ஆரம்பித்துப் பார்த்தாள். லேசாக என்ற வார்த்தை அசிங்கமாக இருந்தது. சார், எதற்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்கள். எதற்கும் என்றால் எதற்கு என்று கேட்பார். சார், மானியம் கையெழுத்தான பிறகு ஒரு விஷயம். சீ. ஆனால் கையெழுத்தான பிறகு சொன்னால்தான் என்ன, பத்து நிமிஷத்தில் என்ன கெட்டுவிடும், இன்றைக்குப் போட்டால்கூடப் போதும் என்று அவளுக்கே தெரியும், காலம் கடந்துவிடவில்லை. காலம் கடந்துவிடவில்லை என்று நேற்றும் இதே மாதிரிதான் சொல்லிக்கொண்டாள், சனிக்கிழமையிலிருந்து அதுதான் கடந்துகொண்டிருந்தது. போன் துடித்தது. ராமாத்தாள்.

"அக்கா, பன்னு என்னமோ மாதிரி பண்ணுதுங்க. கொரலே மாறிப் போச்சு. இருட்டுக்குள்ளாற போய்ப் படுத்துக்குது, குச்சிய நீட்டுனா அதையப் புடிச்சுக் கடிக்குதுங்க."

"தண்ணி குடிச்சுதா?"

"எங்கீங்க. நக்கப் போகுது, முடியமாட்டீங்குது. பாக்க முடியலீங்க அக்கா."

"கிட்டப் போகாத ராமாத்தா. பாத்துட்டே இரு. எதுன்னாலும் கூப்பிடு."

எதுன்னாலும் என்றால் என்ன என்று அவள் சொல்லவில்லை, ராமாத்தாளும் கேட்கவில்லை. பியூன் வந்து, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களேம்மா என்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். டம்ளருக்குள் டியூப்லைட் அசைந்தது. குடிக்கத் தோன்றவில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு தான் நிற்கிற நிற்பு யாருடையது என்று ஞாபகம் வந்து மடக்கென்று குடித்தாள். பாதி தண்ணீர் கழுத்தில் வழிந்தது. "உள்ள போங்கம்மா" என்றார் பியூன்.

தனஞ்செயன் நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார், ஃபைலைக் கேட்டு வாங்கினார், முதல் பக்கத்தைத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது. அவள் நினைத்தபடியே மலர்ந்தது. சொல்லிவிட வேண்டும், இப்போதே, இந்தச் சிரிப்பு அணைவதற்குள் என்று தொண்டையைச் செருமினாள்.

"சார், அன்னிக்கு வந்த பாப்பா… உங்க பாப்பா…"

"என் பாப்பாவா?" அவர் சிரித்தார். "எனக்கு ரெண்டும் பசங்கம்மா, ரெண்டும் காலேஜ். இது நம்ம நாச்சிமுத்து பொண்ணு. சனிக்கிழமை வீட்ல பாத்துக்க ஆள் இல்லைன்னான், சரி கூட்டிட்டு வாடான்னேன். படத்துல நல்லா விழுந்திருக்கு, என்ன?"

அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. தோள் இறங்கியது, மூச்சு வந்தது, உள்ளங்கை வியர்வைகூட நின்ற மாதிரி இருந்தது. டிரைவர் மகள். ஆபீசர் மகள் இல்லை. அப்பாடா என்று மனசு சொன்னது, தெளிவாக, அவளுடைய சொந்தக் குரலில் சொன்னது. சொன்னதை அவள் கேட்டாள். கேட்டதும் உடம்பு ஜில்லிட்டுப் போயிற்று. பன்னுவைக் கண்டு பயந்தாள், கையெழுத்துக்குப் பயந்தாள், கொத்தனார் முகத்துக்குப் பயந்தாள், அந்தப் பயமெல்லாம் இந்த அப்பாடாவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பேனா மூடியைத் திறந்துகொண்டே அவர் கேட்டார், "ஏன், பாப்பாவுக்கு என்ன?" அவள் வாய் திறந்தது. "ஒண்ணுமில்லீங்க சார்" என்றது. அவர் எழுதினார், பரிந்துரைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஃபைல் இங்கேயே இருக்கட்டும், செக்‌ஷனுக்குப் போய் கமிஷனருக்குப் போகும், இடத்துக்குக் கவலைப்படாதீர்கள் என்றார். அவள் கும்பிட்டாள். கும்பிடும்போது இடது கை பாதிக்கு மேல் உயரவில்லை.

வராந்தாவில் கால் தன்பாட்டுக்கு நடந்தது. பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு, ரெக்கார்டு ரூமைத் தாண்டி. ஸ்கூட்டரும் பின்பக்கம்தான் நிற்கிறது. அப்படி இறங்கினால் போர்டிகோவைப் பார்க்கவே வேண்டாம். போய், பன்னுவைப் பார்த்து, நிச்சயமாகத் தெரிந்துகொண்டு, பிறகு பக்குவமாகப் போன் பண்ணிச் சொல்லலாம். நிச்சயம் தெரியாமல் ஒரு தகப்பனை எதற்குக் கலவரப்படுத்துவது? பாவம். பாவம் என்கிற வார்த்தையில் அவள் தடுக்கி நின்றாள். போன் துடித்தது. ராமாத்தாள் பெயர் ஒளிர்ந்தது. இதை எடுத்தால் நிச்சயம் தெரிந்துவிடும். செத்துவிட்டது என்பாள், அல்லது எழுந்து பால் குடிக்கிறது என்பாள். நேற்று ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது அவளுக்கு எந்த நிச்சயம் தெரிந்திருந்தது? ஒன்றும் தெரியாமல்தானே ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். போன் துடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்காமல் கையில் பிடித்தபடி அவள் முன்பக்கப் படியில் இறங்கினாள். கைப்பிடிச் சுவரை இடது கையால் பற்றப்போய் வலி உச்சந்தலைவரை ஏறியது. ஓடிவிடலாம் என்று கடைசிப் படிவரைக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதுங்களா மேடம்?" நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குட்டி பேரு பன்னுங்களாமா. வூட்டுல நாலு நாளா அதே பேச்சுங்க. ஒரு நாளைக்கு மறுக்காக் கூட்டியாரட்டுமுங்களா?"

"பாப்பா இப்ப எங்க?"

"பள்ளிக்கூடத்துலீங்க."

"போய்க் கூட்டிட்டு வாங்க. இப்பவே. ஊசி போடோணும்." குரல் கிறீச்சிட்டது, அவளால் நிறுத்த முடியவில்லை. "அன்னிக்குக் குட்டி பாப்பாவைக் கடிச்சுது. அதுக்கு ஒடம்பு சரியில்ல, வெறியா இருக்கலாம். இன்னிக்குப் போட்டுட்டாப் பயமில்ல, ஆனா இன்னிக்கே போடோணும்."

அவர் துணியைப் பிழிகிறவர்போல இரண்டு கையாலும் முறுக்கினார். "கைல பொட்டு இருந்துச்சுங்க. என்ன கண்ணுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீப்பான்னுச்சு. அடம் புடிச்சுக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க."

"நாந்தான் சொல்லாதேன்னேன்."

"காத்தால நல்லா இருக்குதுன்னீங்களே மேடம்."

"பொய் சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், ஆபீசரிடம் சொல்லிக்கொள்ள வேண்டுமே என்று பார்த்தாரோ என்னவோ, பிறகு சாவியை எடுத்தார். சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் அவள் முகத்தைக் கவனித்தார்.

"உங்களையும் கடிச்சிருக்குமேங்க மேடம்? நீங்களும் வாங்க, ஒண்ணாவே போட்டுக்கலாம்."

அதை அவர் அக்கறையாகத்தான் கேட்டார்.

"நான் நேத்தே போட்டுக்கிட்டேன்" என்றாள் கோகிலவாணி.

"நேத்தேங்களா" என்றார் அவர்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். சீட்டில் தூள் ஒட்டிய ஒரு காலி பிஸ்கட் பாக்கெட் சுருண்டு கிடந்தது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை உட்கார்ந்து வந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.